பியானோ பெஞ்சுக்குள் கிடந்த பழைய அமெரிக்கப் பாட்டுத் தாள்கள்: விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

மாடிவீட்டு மோகனம்:
நான் இருப்பது ஒஹையோ. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரின் வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். பியானோ பெஞ்ச் ஒன்றை வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே கட்டுக்கட்டாக ஷீட் மியூசிக். பெரும்பாலும் 1900க்கும் 1920க்கும் நடுவில் அச்சானவை. நிலா, படகு, தொப்பி வைத்த பெண்கள், ரயில், போர்க்கப்பல் என்று ஒவ்வொரு அட்டையும் கலர் கலராகக் கண்ணைப் பறிக்கிறது.

எனக்குக் கீபோர்டு ஓரளவு வரும், வாசித்துப் பார்க்கிறேன். ஆனால் சில விஷயங்கள் பிடிபடவில்லை. ஒரே பாட்டு இரண்டு பிரதி இருக்கிறது. உள்ளே ஒரு மாற்றமும் இல்லை, அட்டையில் மட்டும் வேறு வேறு பாடகியின் போட்டோ. சில தாள்கள் பெஞ்சுக்குள்ளேயே அடங்காத அளவு பெரியவை, சில சின்னவை. பின்னட்டையில் வேறு பாட்டுகளின் முதல் சில வரிகளை நோட்டேஷனோடு போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் என்ன கணக்கு? அப்புறம், கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன்: விற்றால் ஏதாவது தேறுமா?

தட்டுப்பெட்டி:
விலையைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அன்று பாட்டு என்றால் விற்பனைக்கு வந்த சரக்கு இந்தத் தாள்தான். கிராமபோன் வந்துவிட்டது, ஆனாலும் பணம் தாளில்தான் இருந்தது. அமெரிக்காவில் 1909 ஒரே வருடத்தில் 3,60,000க்கும் மேல் பியானோ செய்தார்கள். அதுதான் உச்சம். நடுத்தரக் குடும்பம் என்றால் முன்னறையில் ஒரு பியானோ, அதை வாசிக்க வீட்டில் ஒரு பெண். புதுப் பாட்டு வேண்டுமென்றால் கடைக்குப் போய்த் தாள் வாங்கி வந்து நாமே வாசித்துப் பாடிக்கொள்ள வேண்டும். மேடையில் பாடுகிறவர் அந்தத் தாளுக்கு நடமாடும் விளம்பரம், அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். ஒரே பாட்டுக்கு இரண்டு போட்டோ ஏன்? வாடவில் என்ற பல்சுவை மேடை நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த நட்சத்திரம் அந்தப் பாட்டைத் தன் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்கிறாரோ அவர் படத்தை அட்டையில் போடுவார்கள். அவருக்கு அது பெருமை, பதிப்பாளருக்கு வியாபாரம். பாடகர் மாறினால் அட்டை வட்டத்துக்குள் இருக்கும் படத்தை மட்டும் மாற்றி மறுபடி அச்சடிப்பார்கள். பின்னட்டையில் இருப்பது அடுத்த பாட்டுக்குத் தூண்டில். நாலு வரி வாசித்துப் பிடித்துப்போனால் முழுத் தாளையும் வாங்குவீர்கள்.

சோடாக்கடை:
அப்போ நம் யூடியூப் டீசருக்கு வயது நூறுக்கு மேல்.

நியூஜெர்சி நாகு:
நியூயார்க் வருகிறவர்கள் மேற்கு 28ஆம் தெருவில் ஐந்தாம், ஆறாம் அவென்யூக்களுக்கு நடுவே ஒருமுறை நடந்து பாருங்கள். இந்தத் தொழிலின் தலைநகரம் அதுதான், டின் பான் ஆலி. பாட்டுத் தாள் பதிப்பிக்கும் விட்மார்க் கம்பெனி 1893இல் அங்கே குடிவந்தது. மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். கோடையில் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொருவர் பியானோவைத் தட்டுவார்களாம். தகரச் சட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மன்ரோ ரோசன்ஃபெல்ட் என்ற பத்திரிகைக்காரர் எழுதியதால் இந்தப் பெயர் என்பார்கள். 47 முதல் 55 வரை எண்ணுள்ள ஐந்து கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. 2019 டிசம்பரில் நகராட்சி அவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது.

அங்கே வேலை பார்த்த ஒரு சாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: ‘சாங் பிளக்கர்’. பாட்டை எப்படியாவது மக்கள் காதில் ஏற்றுவதே இவர்கள் பிழைப்பு. பதிப்பாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிற பாடகர்களுக்கு நாள் முழுக்க வாசித்துக் காட்டுவார்கள். இரவானால் பீர் ஹால், சைக்கிள் பந்தயம், தியேட்டர் என்று கிளம்பிவிடுவார்கள். தியேட்டர் பால்கனியில் ஒரு பையனைப் பார்வையாளன் மாதிரி உட்கார வைத்திருப்பார்கள். மேடையில் பாட்டு முடிந்ததும் அவன் தாங்க முடியாமல் எழுந்து நிற்பவன் போல எழுந்து கோரஸை, அதாவது பல்லவியை, திரும்பப் பாடுவான். கூட்டம் உருகிவிடும். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின் 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டு வாரம் 15 டாலருக்கு ரெமிக் கம்பெனியில் இந்த வேலைக்குத்தான் சேர்ந்தார். வருடம் 1914.

கரிசல் காதன்:
படிக்கச் சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது? பாடகருக்குக் காசு, பால்கனிப் பையனுக்குக் காசு, அட்டைக்குக் காசு. இது பாட்டுத் தொழிற்சாலை. எந்தத் தலைப்பு விற்கிறதோ அதையே நூறு பேர் எழுதினார்கள். நிலா பற்றி ஒன்று ஓடினால் அடுத்த வருடம் முழுக்க நிலா. பேஸ்பால் பாட்டு என்று இன்றும் அமெரிக்கா முழுக்கப் பாடுகிறார்களே, 1908இல் வந்த ‘டேக் மி அவுட் டு தி பால் கேம்’, அதை எழுதிய ஜாக் நார்வொர்த்தும் இசையமைத்த ஆல்பர்ட் வான் டில்சரும் அதுவரை ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை என்பார்கள். ரயிலில் போகும்போது ஒரு விளம்பரப் பலகையைப் பார்த்து எழுதியதாம். இதைப் போய் ரசனை, கலை என்று தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

தட்டுப்பெட்டி:
தொழிற்சாலை என்பதை நான் மறுக்கவில்லை. தொழிற்சாலை என்பதாலேயே மட்டம் என்பதைத்தான் மறுக்கிறேன். தாளை விற்றாக வேண்டும் என்ற கட்டாயம்தான் இந்தப் பாட்டின் வடிவத்தையே செதுக்கியது.

ஒரு உதாரணம். மில்வாக்கியில் இருந்த சார்லஸ் கே. ஹாரிஸ் ஒரு பாட்டை விட்மார்க்குக்குக் கொடுத்து 85 சென்ட் ராயல்டி வாங்கினவர். இனி நானே பதிப்பிக்கிறேன் என்று 1892இல் ‘ஆஃப்டர் தி பால்’ போட்டார். ஊருக்கு வந்த ஒரு நாடகக் குழுவின் பாடகரைப் பிடித்து, 500 டாலரும் லாபத்தில் பங்கும் தருவதாகச் சொல்லித் தன் பாட்டை நாடகத்துக்குள் நுழைத்தார். மறு வருடம் சிகாகோ உலகக் கண்காட்சியில் பேண்டு இசையில் பெயர் பெற்ற சூசாவின் குழு அதை வாசிக்க, தாள் லட்சக்கணக்கில் பறந்தது. மொத்தம் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

அந்தப் பாட்டைப் பாருங்கள். மூன்று நீண்ட வெர்ஸ், அதாவது கதை சொல்லும் சரணம். மடியில் ஏறிய சிறுமி, நீங்கள் ஏன் கல்யாணமே செய்யவில்லை என்று கேட்கிறாள். கிழவர் கதை சொல்கிறார்: ஒரு நடன விருந்தில் தான் காதலித்தவள் இன்னொருவனை முத்தமிடுவதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் விலகிவிட்டார். காலம் கடந்த பிறகுதான் தெரிகிறது, அவன் அவளுடைய சகோதரன். முழு சினிமாவே இருக்கிறது! ஆனால் மக்கள் முணுமுணுத்தது நடுவில் திரும்பத் திரும்ப வரும் கோரஸை மட்டும். அதைப் பதிப்பாளர்கள் கவனித்துவிட்டார்கள். அடுத்த இருபது வருடத்தில் வெர்ஸ் மூன்றிலிருந்து இரண்டாகச் சுருங்கியது, கோரஸே பாட்டின் மையமானது, தலைப்பு கோரஸின் முதல் வரியிலோ கடைசி வரியிலோ வந்து உட்கார்ந்தது. ஏன் என்று யோசியுங்கள். கடைக்காரரிடம் போய் ‘அந்தப் பாட்டு கொடுங்கள்’ என்று கேட்க வாடிக்கையாளருக்குப் பெயர் நினைவிருக்க வேண்டாமா?

காதன் சொன்ன பேஸ்பால் பாட்டின் வெர்ஸில் கேட்டி கேசி என்று ஒரு பெண் வருகிறாள். மேடை ஷோ பார்க்கக் கூப்பிட வந்த காதலனிடம், வேண்டாம், என்னைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போ என்கிறாள். மைதானத்தில் எல்லோரும் பாடுவது அவள் பேசுகிற வசனத்தைத்தான். அவளை மட்டும் மறந்துவிட்டார்கள்.

பவானி:
அடடா, கேட்டி கேசியை யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

தட்டுப்பெட்டி சார், ‘வீட்டில் வாசிக்க ஒரு பெண்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இந்த வியாபாரத்தைத் தாங்கினதே அவர்கள்தான். வாங்கியது பெரும்பாலும் பெண்கள், விற்றதும் பெண்கள். உல்வொர்த் மாதிரி பத்து சென்ட் கடைகளில் ஷீட் மியூசிக் கவுன்டர் இருக்கும். பக்கத்திலேயே ஒரு பியானோ. வாடிக்கையாளர் எதை நீட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் வாசித்துக் காட்ட ஒரு இளம்பெண் உட்கார்ந்திருப்பார். முன்பின் பார்க்காத தாளைத் தடங்கல் இல்லாமல் நாள் முழுக்க வாசிப்பது சாதாரண வித்தையா? அவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

கேரி ஜேக்கப்ஸ்-பாண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1895இல் கணவர் இறந்துபோனார். கையில் ஒரு மகன். அறைகளை வாடகைக்கு விட்டும் பீங்கான் பாத்திரங்களில் படம் வரைந்தும் சிகாகோவில் காலம் தள்ளியவர், தன் பாட்டுகளைத் தானே பதிப்பித்தார். அட்டையில் காட்டு ரோஜாவும் அவர் வரைந்ததே. 1901இல் வந்த ‘ஐ லவ் யூ ட்ரூலி’ அமெரிக்கக் கல்யாணங்களில் பல பத்தாண்டுகள் ஒலித்தது. 1910இன் ‘எ பர்ஃபெக்ட் டே’ அதைவிடப் பெரிய வெற்றி. 28ஆம் தெருப் பக்கம் தலை வைத்துப் படுக்காமலே சாதித்தவர். மோகனம், உங்கள் பெஞ்சில் அவருடையது ஒன்றாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

மாடிவீட்டு மோகனம்:
‘எ பர்ஃபெக்ட் டே’ இருக்கிறது அக்கா! ரோஜாவும் இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். பல பாட்டுகளில் முன்னிசை முடிந்ததும் இரண்டு பாருக்கு (தாள அளவுக்கு) ரிப்பீட் குறி போட்டு மேலே ‘டில் ரெடி’ என்று எழுதியிருக்கிறது. எத்தனை தடவை வாசிக்க வேண்டும்?

நியூஜெர்சி நாகு:
பாடுகிறவர் தயாராகும் வரை. மேடையில் அவர் நடந்து வந்து, கும்பிட்டு, ஒரு ஜோக் சொல்லி முடிக்கிற வரை பியானோக்காரர் அந்த இரண்டு பாரையே சுற்றிக்கொண்டிருப்பார். மேடைப் பழக்கம் அப்படியே தாளிலும் அச்சாகிவிட்டது.

மாடிவீட்டு மோகனம்:
நன்றி. இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். இந்தக் கட்டுக்குள் இருக்கும் சில அட்டைகளை வீட்டில் வெளியே வைக்கவே முடியாது. கறுப்பின மக்களைப் பெரிய உதடு, பிதுங்கிய கண் என்று கோரமாக வரைந்திருக்கிறார்கள். உள்ளே வரிகள் அதைவிட மோசம். என் மனைவி எல்லாவற்றையும் கிழித்துப் போடச் சொல்கிறாள். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

கரிசல் காதன்:
கிழித்துப் போடுங்கள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? நான் தொழிற்சாலை என்று சொன்னதன் மறுபக்கம் இதுதான். எது விற்றதோ அதை அச்சடித்தார்கள், அவமானம் விற்றது, அதையும் அச்சடித்தார்கள்.

தட்டுப்பெட்டி:
நீங்கள் சொல்வது ‘கூன் சாங்’ என்று அன்று அழைத்த வகை. அந்தச் சொல்லே வசை. 1890களிலிருந்து சுமார் இருபது வருடம் அது வெறியாக ஓடியது. காதன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கிழிக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த வகையின் மிகப் பிரபலமான பாட்டுகளில் ஒன்றை 1896இல் எழுதியவர் எர்னெஸ்ட் ஹோகன். அவரே கறுப்பினக் கலைஞர். அதே தெருவில் அதே சந்தைக்கு எழுதிய இன்னும் மூவரைப் பாருங்கள்: பாப் கோல், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், அவர் தம்பி ரோசமண்ட் ஜான்சன். வசை வார்த்தை இல்லாத, மரியாதையான காதல் பாட்டு எழுதியும் ஜெயிக்க முடியும் என்று காட்டினார்கள். 1902இன் ‘அண்டர் தி பாம்பூ ட்ரீ’ பெரிய வெற்றி. இதே ஜான்சன் சகோதரர்கள்தான் 1900இல் ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ எழுதியவர்கள். கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்று இன்றும் எழுந்து நின்று பாடுவது. கேவலமான அந்த அட்டைகளைக் கண்ணால் பார்க்காதவருக்கு இவர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பது எப்படிப் புரியும்?

பவானி:
பணக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். மிசௌரியின் செடாலியா ஊரில் கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் 1899இல் ‘மேப்பிள் லீஃப் ராக்’ தாளுக்குப் பதிப்பாளர் ஜான் ஸ்டார்க்கிடம் வாங்கிய ராயல்டி பிரதிக்கு ஒரு சென்ட். தாளின் விலை 50 சென்ட். ஒரு சென்ட் தானா என்று தோன்றும், ஆனால் கறுப்பின இசைக்காரர்களுக்கு மொத்தமாகச் சில டாலரைக் கொடுத்து உரிமையை எழுதி வாங்குவதே வழக்கமாக இருந்த காலத்தில் அது நல்ல ஒப்பந்தம். இன்னொரு கறுப்பின இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1912இல் ‘மெம்ஃபிஸ் புளூஸ்’ உரிமையைச் சுமார் 50 டாலருக்குக் கொடுத்துவிட்டு, வேறு யாரோ சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் கூட்டாளியோடு சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். 1914இல் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ அவர்களே போட்டார்கள். அது கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது.

கரிசல் காதன்:
ஹேண்டி கதை பிடித்தது. ஆனாலும் கெர்ஷ்வினை எல்லோரும் கொண்டாடுகிறோம், அவர் இசையமைத்த ‘சுவானி’யை மேடையில் பாடிப் பிரபலமாக்கிய ஆல் ஜால்சன் கறுப்பினத்தவர் வேஷத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடினவர் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். 1919இல் அறுபது பெண்களின் செருப்பில் மின்விளக்கு கட்டி ஆடவிட்டபோதுகூட விற்காத தாள் அது. ஜால்சன் எடுத்துப் பாடியதும் பத்து லட்சம். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டையும் அம்மாவையும் நினைத்து ஏங்குகிற இந்தப் பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியது நியூயார்க்வாசிகள், அதிலும் பலர் ரஷ்யாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள்.

தட்டுப்பெட்டி:
சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்வோம். 28ஆம் தெருக் கட்டடங்களைச் சின்னமாக அறிவிக்கும் விசாரணையிலேயே இந்த வாதம் வந்தது. இனவெறிப் பாட்டு பிறந்த இடத்துக்கு என்ன மரியாதை என்று கட்டட உரிமையாளர் தரப்பு கேட்டது. இடித்துவிட்டு உயரக் கட்ட நினைத்தவர்களுக்கு அந்த அக்கறை திடீரென்று வந்தது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

மோகனம், உங்களுக்கு என் யோசனை: அந்தத் தாள்களைத் தனி உறையில் போட்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருக்கும் லெவி தொகுப்பு, பிரவுன் பல்கலைக்கழகத் தொகுப்பு இரண்டிலும் இப்படிப்பட்டவற்றை எச்சரிக்கைக் குறிப்போடு ஆய்வுக்காக வைத்திருக்கிறார்கள். இணையத்திலும் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பக்கமே ஏதாவது நூலகம் வாங்கிக்கொள்ளலாம், எழுதிக் கேளுங்கள்.

சோடாக்கடை:
ஒரு சந்தேகம். ரெக்கார்டு, பியானோ ரோல் எல்லாம் வந்தபோது எழுதியவருக்குக் காசு போனதா?

நியூஜெர்சி நாகு:
முதலில் ஒரு பைசா இல்லை. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானே வாசிக்கும் பியானோ பரவியபோது பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். மனிதக் கண்ணால் படிக்க முடியாததால் சுருள் ‘பிரதி’ ஆகாது என்று 1908இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே 1909இல் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, ஒவ்வொரு சுருளுக்கும் ரெக்கார்டுக்கும் 2 சென்ட் என்று வைத்தது. அந்த 2 சென்ட் 1977 வரை அப்படியே இருந்தது என்றால் நம்புவீர்களா! ஹோட்டல்களில் வாசிப்பதற்குப் பணம் வசூலிக்க 1914இல் பாட்டு எழுதுபவர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் சேர்ந்த ஆஸ்காப் சங்கம் பிறந்தது. இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட் ஒரு உணவகத்தின் மேல் போட்ட வழக்கில் 1917இல் தீர்ப்பு சாதகமாக வந்த பிறகுதான் அந்தச் சங்கத்துக்கு உயிர் வந்தது.

வானொலி வந்ததும் தாள் வியாபாரம் படுத்தது. 1929இல் வார்னர் பிரதர்ஸ் விட்மார்க், ஹார்ம்ஸ், ரெமிக் மூன்றையும் வாங்கிப் போட்டது. பேசும் படத்துக்குப் பாட்டு வேண்டுமே.

பவானி:
நம் வீட்டுப் பிறந்தநாள் கேக்கிலும் இந்த வழக்குக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஹாப்பி பர்த்டே’ மெட்டு, கென்டக்கியில் மில்ட்ரெட் ஹில், பாட்டி ஹில் என்ற அக்கா தங்கை 1893இல் மழலையர் பாட்டுப் புத்தகத்தில் வெளியிட்ட காலை வணக்கப் பாட்டு. பிறந்தநாள் வரிக்கு உரிமை எங்களிடம் என்று வார்னர்/சாப்பல் கம்பெனி படங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டே இருந்தது. 2015இல் அந்த உரிமை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 1.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

தட்டுப்பெட்டி:
இனி விலைக்கு வருவோம்.

பெரிய வெற்றி பெற்ற பாட்டு என்றால் விலை போகாது. லட்சக்கணக்கில் அச்சானதால் ஊருக்கு ஊர் கிடைக்கிறது, சில டாலருக்கு மேல் யாரும் தர மாட்டார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது வேறு: ஜாப்ளினின் முதல் அச்சுகள், 1912 டைட்டானிக் பாட்டுகள், விமானம், பேஸ்பால் அட்டைகள். அப்புறம் ஈ. டி. பால் என்ற பதிப்பாளர் வெளியிட்ட மார்ச்சுகள், அதாவது அணிவகுப்பு இசை. தேர்ப் பந்தயம், எரியும் ரோம் நகரம் என்று ஐந்து வண்ணக் கல்லச்சில் அட்டை ஜொலிக்கும். இசை சுமார்தான், அட்டைக்கே காசு.

காலம் கணிக்கக் காப்பிரைட் வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். பாட்டு 1910 என்றிருக்கும், தாள் 1918இல் மறு அச்சாக இருக்கும். பின்னட்டை விளம்பரத்தில் பிந்தைய பாட்டு இருந்தால் மறு அச்சு என்று முடிவு செய்யலாம். அளவும் சொல்லும். பழையவை ஏறக்குறைய 13½ அங்குல உயரம். முதல் உலகப் போரில் காகிதம் மிச்சப்படுத்தச் சிறிதாக்கினார்கள், லியோ ஃபைஸ்ட் கம்பெனி அதை அட்டையிலேயே அச்சடித்துச் சொன்னது. போர் முடிந்தபின் 12 அங்குலமே நிலைத்துவிட்டது. பெஞ்சுக்குள் அடங்க வேண்டுமென்று பெரிய தாளின் ஓரத்தை வெட்டியிருந்தால் மதிப்பு போய்விடும்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள். அமிலக் காகிதம், மடித்தால் முறியும். பாலியஸ்டர் உறையில் படுக்கை வாட்டில் வையுங்கள்.

மாடிவீட்டு மோகனம்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று பெரிய தாள்களில் ஓரம் வெட்டித்தான் இருக்கிறது! கடைசியாக ஒன்று. இவற்றை வாசித்து யூடியூபில் போட்டால் வழக்கு வருமா?

நியூஜெர்சி நாகு:
அமெரிக்கச் சட்டப்படி 1929 கடைசி வரை வெளியான பாட்டுகளுக்கு 2025 ஜனவரியோடு காப்புரிமை முடிந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் இன்னொரு வருடம் சேரும். தாளைப் பார்த்து நீங்களே வாசித்தால் சிக்கல் இல்லை. பழைய ரெக்கார்டை அப்படியே ஏற்ற நினைத்தால் அதற்குத் தனிக் கணக்கு: 1922 வரை வந்த ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரியில் விடுபட்டன, அதற்குப் பின் வந்தவை வருடம் வருடமாக விடுபடுகின்றன. பின்னாளில் யாராவது புதிதாக அரேஞ்ச் செய்த பதிப்பை வைத்து வாசிக்காதீர்கள், அந்த அரேஞ்ச்மென்டுக்கு உரிமை இருக்கும். யூடியூபிலிருந்து தானியங்கி ‘கிளெய்ம்’ (உரிமைக் கோரல்) வந்தால் தாளின் காப்பிரைட் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆட்சேபம் போடுங்கள்.